நாலு பேட்டரியும் ஒரு நிபுணர் குழுவும்

பல்செட்காரர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் புகழுக்கு ஆசைப்பட்டார். அதற்குக் காரணம் அவருடைய தொழில். சட்டை தைப்பவனுக்குக்கூட 'யார் தைச்சது, நல்லா இருக்கே' என்று ஒரு பேர் கிடைக்கும். பல்செட் செய்பவனுக்கு அது கிடையாது. அவர் செய்து கொடுத்த பல்லை வாயில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும், அது பிறந்ததிலிருந்து தங்களோடு இருப்பது போலத்தான் ஊரில் நடமாடினார்கள். எதிரே அவர் வந்தால் வாயை மூடிக்கொண்டு சாலையின் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். பல் எவ்வளவு நன்றாக அமைந்ததோ, அவ்வளவு வேகமாகப் போவார்கள்.

அவருடைய பட்டறை, மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உள்ளே போனால் மூன்று பக்கச் சுவரிலும் அலமாரி. அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள். கடன் கேட்க வந்தவர்கள்கூட அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, கேட்காமலே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. அன்று மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேர் உள்ளே கூடுவார்கள். பல்செட்காரர், லிப்ட் ரிப்பேர் செய்யும் லிப்ட்காரர், கணக்கு டீச்சர். அவர்கள் செய்வதற்கு மூன்று வீட்டிலும் ஒரே பேர்தான்: 'அந்தக் கால்குலேட்டர் சமாச்சாரம்'.

அது கூட்டல் கழித்தல் மட்டும் போடுகிற கால்குலேட்டர் இல்லை. சமன்பாட்டைக் கொடுத்தால் சின்னத் திரையில் வளைகோடு வரைந்து காட்டும். ஒரு காலத்தில் கல்லூரிப் பிள்ளைகள் பரீட்சைக்கு வாங்கியது. செய்த கம்பெனி அதை நிறுத்திப் பல காலமாகிவிட்டது. ஒரு உதிரிபாகம் கேட்டு டீச்சர் கடிதம் போட்டபோது, அப்படி ஒரு பொருளைத் தாங்கள் செய்ததாக நினைவில்லை என்றும், செய்திருந்தால் வருந்துவதாகவும் பதில் வந்தது. ஆகவே மூன்று பேரும் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். பொத்தானுக்கு அடியில் இருந்த ரப்பர் தேய்ந்ததும், பல் அச்செடுக்கிற ரப்பரிலேயே பல்செட்காரர் புதிது வெட்டிப் போட்டார். திரையில் பாதிக் கோடு காணாமல் போனபோது, மூச்சைப் பிடித்துக்கொண்டு லிப்ட்காரர் பற்றவைத்தார். புரோகிராம் எழுதுவதற்கு டீச்சர். இரண்டு ஆண்களும் சண்டை போட்டால், அந்தச் சண்டையையே ஒரு வளைகோடாக வரைந்து, எங்கே போய் முடியும் என்று காட்டிவிடுவார்.

அந்தக் கால்குலேட்டருக்குள் மூன்று பேரும் சேர்ந்து எழுதிய விளையாட்டு ஒன்று இருந்தது. பேர் 'லிப்ட்'. பயணிகள் ஏறுவார்கள், ஆளுக்கொரு மாடி சொல்வார்கள், அவரவரை அங்கங்கே இறக்கிவிட வேண்டும். தாமதமானால் திட்டுவார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தான் வாங்கிய திட்டுகளை எல்லாம் லிப்ட்காரர் ஒன்றுவிடாமல் அதில் போட ஆசைப்பட்டார். மெமரிதான் போதவில்லை. புதிதாக ஒரு பயணியை ஏற்ற வேண்டுமானால் பழைய பயணியின் வாயைக் குறைக்க வேண்டும். 'நீயெல்லாம் ஒரு மனுஷனா' என்று திட்டிக்கொண்டிருந்த தொப்பிக்காரர், இடப் பற்றாக்குறையால் 'நீயெல்லாம்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். இதுதான் இன்னும் சுருக்கென்று இருக்கிறது என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

பல்செட்காரருடைய மனைவியின் தம்பி அருங்காட்சியகத்தில் உதவியாளர். அங்கே 'நேற்றைய கருவிகள் கூடம்' என்று புதிதாக ஒன்று கட்டி முடித்திருந்தார்கள். பளிங்குத் தரை, கண்ணாடிப் பெட்டிகள், குளிரூட்டி எல்லாம் தயார். வைப்பதற்குத்தான் கருவி இல்லை. ஒரு தட்டச்சு இயந்திரமும் கரி போட்டுத் தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியும் இருந்தன. இஸ்திரிப் பெட்டியையும் சலவைக்காரர் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த நிலைமையில் மச்சினன் வாயைச் சும்மா வைத்திருக்காமல், தன் மாமாவிடம் ஒரு பழைய கால்குலேட்டர் இருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

மறு ஞாயிறே அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் பட்டறைக்கு வந்துவிட்டார். உயரமான, மெலிந்த மனிதர். மெதுவாகப் பேசுவார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கையுறை எட்டிப்பார்த்தது. அப்போது லிப்ட்காரர் விளையாடிக்கொண்டிருந்தார். காப்பாட்சியர் அந்தக் கையையும் அது பொத்தானை அமுக்குவதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை நீங்க உபயோகிச்சுக்கிட்டு இருக்கீங்களா?" என்றார். பெற்ற பிள்ளையை அடிப்பாயா என்று கேட்கிற குரல் அது.

ஆமாம் என்று பல்செட்காரர் குற்றவாளி மாதிரி சொன்னார்.

காப்பாட்சியர் உட்கார்ந்து விளக்கினார். உபயோகத்தில் இருக்கும்வரை ஒரு பொருள் வெறும் பொருள்தானாம். எப்போது யாருக்கும் உதவாமல் போகிறதோ அப்போதுதான் அது பாரம்பரியம் ஆகிறதாம். அந்த உயர்ந்த நிலைக்கு இதைக் கொண்டுபோகத் தங்கள் துறையால் மட்டுமே முடியும் என்றார். கடைசியில், கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே பித்தளைத் தகட்டில் கொடுத்தவர் பேர் பொறிக்கப்படும் என்றார்.

அந்தப் பித்தளையில்தான் பல்செட்காரர் விழுந்தார். பித்தளையில் பேர் பொறித்தால் யாரும் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் போக முடியாதல்லவா. டீச்சர் கண்ணால் ஜாடை காட்டினார். லிப்ட்காரர் கால்குலேட்டரை விடாமல் பிடித்திருந்தார். பல்செட்காரர் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்கிக் கொடுத்துவிட்டார்.

காப்பாட்சியரின் கார் கிளம்பிப் போன பிறகுதான் லிப்ட்காரர் வாயைத் திறந்தார்.

"அண்ணே, பேட்டரி கம்மின்னு சின்னம் வந்து ஒரு வாரமாச்சு. நாளைக்கு மாத்தலாம்னு இருந்தேன்."

"மாத்திக்கலாம் தம்பி. எப்ப வேணா வந்து பாருங்கன்னு சொல்லியிருக்காரே."

டீச்சர் நிதானமாக எடுத்துச் சொன்னார். விளையாட்டின் நடுவில் அணைந்து போகிறதென்று, தானாக அணைகிற வசதியை இவர்களே புரோகிராம் எழுதி நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆகவே அது இப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும். நாலு பேட்டரியும் தீர்ந்தால் உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி கொஞ்ச நாள் தாங்கும். அதுவும் போனால் தொப்பிக்காரர் போவார், எல்லாப் பயணிகளும் போவார்கள். வேறு பிரதி கிடையாது. பிரதி எடுக்கிற கம்பி எப்போதோ அறுந்துவிட்டது. அதைச் செய்த கம்பெனிக்குத்தான் எதுவுமே நினைவில்லையே.

மறுநாள் காலை பல்செட்காரர் நாலு புது பேட்டரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனார்.

கூடம் இன்னும் பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. மச்சினன்தான் பின்வாசல் வழியாக உள்ளே கூட்டிப்போனான். நடு மண்டபத்தில், மேலிருந்து விழுகிற மஞ்சள் வெளிச்சத்தில், கால்குலேட்டர் தலைகீழாக வைக்கப்பட்டிருந்தது. திரை கீழே, பொத்தான்கள் மேலே.

"மாப்ள, திருப்பி வெச்சிருக்கீங்களே."

"ஆமா மாமா. நானும் சொன்னேன். பீடத்தோட சரிவுக்கு இதுதான் பொருத்தமா இருக்காம். ஆவணத்துலயும் அப்படியே ஏத்தியாச்சு. இனிமே இதுதான் நேர்."

விளக்க அட்டையைப் பல்செட்காரர் படித்தார். 'அக்கால மாணவர்கள் பயன்படுத்திய கணிப்பான். திரையில் காணப்படுவது மூடிய கதவு. இது அறிவின் வாயிலைக் குறிக்கிறது. மூலையில் இருக்கும் சிறு பெட்டி வடிவம், இதை உருவாக்கிய கலைஞரின் முத்திரை. இம்முத்திரை இருப்பதாலேயே இப்பொருள் அசல் என அறியப்படுகிறது.'

கதவு, லிப்ட் கதவு. கலைஞரின் முத்திரை, பேட்டரி தீரப்போகிறது என்கிற சின்னம்.

அவர் நேராகக் காப்பாட்சியரின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். நாலு பேட்டரி, ஒரு நிமிட வேலை, தானே மாற்றித் தருவதாகச் சொன்னார். காப்பாட்சியர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பேட்டரி என்ற சொல் வரும்போதெல்லாம் கண்ணை லேசாக மூடித் திறந்தார்.

"உங்க பாசம் எனக்குப் புரியுது. ஆனா இது இப்ப உங்க பொருள் இல்லை. என் பொருளும் இல்லை. வருங்காலத்தோட பொருள். வருங்காலத்தைக் கேக்காம எப்படி மூடியைத் திறக்க முடியும்?"

"அணைஞ்சு போயிடும் சார்."

"அணையட்டுமே. அணைஞ்சா அணைஞ்ச நிலைல பாதுகாப்போம். எங்ககிட்ட வந்த எந்தப் பொருளும் இதுவரைக்கும் கெட்டுப்போனதா புகார் இல்லை. ஏன்னா கெட்ட நிலைதான் அதோட நிலைன்னு எழுதிடுவோம்."

இருந்தாலும், கொடுத்தவர் என்ற மரியாதைக்காக, விஷயத்தை நிபுணர் குழுவுக்கு அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் குழு அனுமதித்தாலும், பயிற்சி பெறாத ஒருவர் பொருளைத் தொட முடியாது. ஆகவே பல்செட்காரர் அருங்காட்சியகம் நடத்தும் 'பொருள் தீண்டல் பயிற்சி' வகுப்பில் சேர்க்கப்பட்டார்.

வகுப்பில் அவரோடு தோட்டக்காரரும் இரண்டு துப்புரவுப் பெண்களும் இருந்தார்கள். முதல் பாடம், ஒரு பொருளைத் தொடாமல் இருப்பது எப்படி. மேசைமேல் ஒரு உருளைக்கிழங்கை வைத்து, எல்லாரையும் கையுறை போட்டுக்கொண்டு அதைச் சுற்றி உட்காரச் சொன்னார்கள். அடுத்த பாடம், தொட வேண்டும் என்று மனதில் எழுகிற எண்ணத்தை அடக்குவது. மூன்றாவது நாள் உருளைக்கிழங்கு காணவில்லை. துப்புரவுப் பெண்களில் ஒருவர், தொடாமலேயே அதைக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துவிட்டதாகப் பேச்சு. வகுப்பு முடிந்து பல்செட்காரருக்குச் சான்றிதழ் கிடைத்தது. அவர் எந்தப் பொருளையும் தொடாமல் இருக்க முழுத் தகுதி பெற்றவர் என்று அதில் எழுதியிருந்தது.

பிறகு குழு கூடியது. காப்பாட்சியர் தலைவர். கூட இரண்டு நிபுணர்கள். ஒருவர் பானை ஓடுகளில் பெரிய பேர் வாங்கியவர். இன்னொருவர் பழைய துணிகளில் நிபுணரான அம்மா. கருவிகளுக்கு நிபுணர் யாரும் இல்லாததால், இருப்பவர்களைப் போட்டிருந்தார்கள்.

பானை நிபுணர், பேட்டரிகள் பொருளோடு சேர்த்துப் புதைக்கப்பட்டிருந்தனவா, தனியாகக் கிடைத்தனவா என்று கேட்டார். துணி அம்மா, இதுவரை பூச்சி அரித்திருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்றதும், அப்படியானால் அவசரம் ஒன்றுமில்லையே என்றார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த பல்செட்காரர், சட்டைப் பையிலிருந்த பேட்டரிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சாயங்காலமாயிற்று. கடைசியில் முடிவைக் காப்பாட்சியர் வாசித்தார். பேட்டரி மாற்றலாம். ஆனால் பொருளின் காலத்தைச் சேர்ந்த பேட்டரியாக இருக்க வேண்டும். புது பேட்டரி போடுவது, பழைய சிலைக்குக் கூலிங் கிளாஸ் மாட்டுவதற்குச் சமம்.

அந்தக் காலத்துப் பேட்டரி எங்கே கிடைக்கும்? டீச்சர் வீட்டுப் பரணில், நின்றுபோன கடிகாரங்களிலும் எரியாத டார்ச்சிலும் துழாவி நாலு எடுத்தார்கள். நாலும் வெள்ளையாகப் பூத்து, ஓரத்தில் கசிந்திருந்தன. பல்செட்காரர் அவற்றைப் பஞ்சில் சுற்றிக்கொண்டு போய் மேசைமேல் வைத்தார். எவ்வளவு அபத்தம் என்று கண்ணால் பார்த்தாலாவது புரியாதா என்பது அவர் எண்ணம். குழுவோ எழுந்து நின்று பார்த்தது. பானை நிபுணர் கைகூப்பினார்.

"இதுல சார்ஜ் துளிகூட இல்லைங்க," என்றார் பல்செட்காரர்.

"அது எங்க ஆய்வு எல்லைக்குள்ள வராது," என்றார் காப்பாட்சியர்.

"உள்ள போட்டா கசிஞ்சு எல்லாத்தையும் அரிச்சிடும்."

"கசிவும் வரலாறுதானே."

அன்று பல்செட்காரர் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மனைவி காரணம் கேட்டபோது, தன் பேரைப் பித்தளையில் அடிப்பதற்குத் தொப்பிக்காரரைக் கொன்றுவிட்டதாகச் சொன்னார். அந்த அம்மாவுக்குத் தொப்பிக்காரர் யார் என்று தெரியாது. ஆனாலும் கணவர் இப்படித் தட்டை ஒதுக்கி அவர் பார்த்ததில்லை. அந்த வீட்டில் எது உடைந்தாலும் ஒட்டிக் கொடுக்கிற மனுஷர். அந்த அம்மா தன் தம்பியைக் கூப்பிட்டு, நீதானே ஆரம்பித்து வைத்தாய், நீயே ஒரு வழி பண்ணு என்று சொல்லிவிட்டார்.

மச்சினன் யோசித்தான். அருங்காட்சியகத்தில் எதைச் செய்ய வேண்டுமானாலும் அதற்குச் சரியான பேர் வைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றான். பேட்டரி மாற்றுவது என்றால் குழு வேண்டும். ஆனால் 'நிலைப் பதிவு' என்று ஒன்று உண்டு. ஒரு பொருளில் எந்தத் தலையீடும் செய்வதற்கு முன்னால், இருக்கிறபடி அதைப் பதிவு செய்ய வேண்டும். பொதுவாகப் போட்டோ எடுப்பார்கள்.

"அச்சு எடுத்தா?" என்றார் பல்செட்காரர்.

"அச்சுன்னா மாமா?"

"வாய்க்கு எடுக்கிற மாதிரி. மாவு வெச்சு அமுக்கி எடுத்தா ஒரு கீறல் விடாம விழும்."

பானை நிபுணருக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது. போட்டோவைவிட மண்ணும் மாவும் அவருக்குப் புரிகிற சமாச்சாரம். பழைய பேட்டரிகளை உள்ளே வைப்பதற்கு முன் அச்சுப் பதிவு எடுக்கலாம் என்று அனுமதி வந்தது. தொடாமல் இருக்கத் தகுதி பெற்ற ஒருவரே அதை எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் தகுதி உள்ளவர் பல்செட்காரர் மட்டும்தான். தோட்டக்காரரும் துப்புரவுப் பெண்களும் உருளைக்கிழங்கு விவகாரத்தில் தகுதி இழந்திருந்தார்கள்.

குறித்த நாளில், மூன்று பேர் குழு சுற்றி நிற்க, பல்செட்காரர் ரோஸ் நிற அச்சு மாவைப் பிசைந்தார். பழக்க தோஷத்தில், "நல்லா வாயைத் திறங்க," என்று கால்குலேட்டரிடம் சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. காப்பாட்சியர் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். முன்பக்கம் எடுத்தாயிற்று. பின்பக்கம் எடுக்கையில் பல்செட்காரர் பேட்டரி மூடியைக் கழற்றினார். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, அந்தக் குழி அமுங்கிப்போகாமல் இருக்க 'தற்காலிக நிரப்புப் பொருள்' ஏதாவது வைக்க வேண்டும் என்றார். நிரப்புப் பொருள் என்ற பேரில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து நாலு நிரப்புப் பொருளை எடுத்துப் போட்டார்.

திருப்பிய உடனே திரை பளிச்சென்று தெரிந்தது. லிப்ட் கதவு திறந்துகொண்டது. தொப்பிக்காரர் நின்றுகொண்டிருந்தார். பல்செட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

காப்பாட்சியருக்கும் கண் கலங்கியது. வேறு காரணத்துக்காக.

"முத்திரை எங்கே?" என்றார்.

மூலையில் இருந்த பேட்டரிச் சின்னம் போயிருந்தது. புது பேட்டரி போட்டால் போகத்தானே செய்யும்? பல்செட்காரர் அதை எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. கலைஞரின் முத்திரையை அழித்துவிட்டதாக அங்கேயே பதிவாயிற்று. கால்குலேட்டரைத் துணியில் சுற்றி, சீல் வைத்து, கிடங்கில் போட்டார்கள். மச்சினனை வேலையிலிருந்து நிறுத்தி வைப்பதாகப் பேச்சு அடிபட்டது. பித்தளைத் தகட்டில் பல்செட்காரரின் பேருக்கு மேல் வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் கூடத்தின் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்து, அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது. அழைப்பிதழின் அட்டையில் கால்குலேட்டர் தலைகீழாகச் சிரித்தது. முத்திரையோடு.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் மூன்று பேரும் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் அந்த அச்சு மட்டும் இருந்தது. வைக்கக் கிடங்கில் இடமில்லை என்று அதைப் பல்செட்காரரிடமே கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"அண்ணே, இதுல ஊத்தி எடுத்தா அப்படியே வருமா?" என்றார் லிப்ட்காரர்.

"வரும். வந்து?"

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஏதோ ஒண்ணு இருக்கணும். அதுதானே அவங்க கவலை? அவங்களுக்கு இதைக் குடுத்துட்டு நம்மதை வாங்கிட்டு வந்துடலாம்."

மாற்றிக்கொள்ளக் கேட்பது தவறில்லை என்று டீச்சரும் சொன்னார். திருட்டுத்தனம் வேண்டாம், நகல் என்று சொல்லியே கொடுக்கலாம். பல்செட்காரர் அந்த வாரம் யாருக்கும் பல் கட்டவில்லை. கைவசம் நிறைய இருந்தது ஈறு நிற அக்ரிலிக்தான், ஆகவே உடம்பை அதில் வார்த்தார். பொத்தான்களைப் பல் நிற அக்ரிலிக்கில் ஒவ்வொன்றாகச் செய்து, கடைவாய்ப் பல்லைப் பதிப்பது போலப் பதித்தார். திரைக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பட்டை. அதன் அடியில் மூடிய கதவை டீச்சர் மெல்லிய தூரிகையால் வரைந்தார். மூலையில் பேட்டரிச் சின்னத்தையும் வரைந்தார். லிப்ட் கதவுக்கு அடிக்கிற சாம்பல் பெயிண்டை லிப்ட்காரர் மேலே பூசினார். தூரத்தில் பார்த்தால் கால்குலேட்டர். கிட்டத்தில் பார்த்தால், கொஞ்சம் கடிக்க வருவது போல இருந்தது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மூன்று பேரும் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். குழு ஏற்கெனவே கவலையில் கூடி உட்கார்ந்திருந்தது. நகலை மேசைமேல் வைத்தார்கள். காப்பாட்சியர் கிடங்கிலிருந்து மற்றதையும் கொண்டுவரச் சொன்னார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஆவணப் பதிவேட்டைத் துணை எழுத்தர் உரக்கப் படித்தார்.

திரையில் மூடிய கதவு. இதில் மூடியிருந்தது. அதில் திறந்து, ஆள் வேறு நின்றார். மூலையில் முத்திரை. இதில் இருந்தது, அதில் இல்லை. பொருள் அசைவற்றது, ஒலியற்றது. அதில் யாரோ பெட்டியும் கையுமாக ஏறிக்கொண்டிருந்தார். பீடத்தின் சரிவில் வைத்துப் பார்த்தார்கள். இது தலைகீழாகக் கனகச்சிதமாக உட்கார்ந்தது. அது வழுக்கியது.

ஒரு ஓரத்தில் பெயிண்ட் உரிந்து ரோஸ் நிறம் தெரிந்ததைத் துணி அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இவ்வளவு இயல்பான நிற மாற்றம் வரணும்னா ரொம்ப காலம் ஆகும்," என்றார்.

காப்பாட்சியர் எழுந்து நின்றார். பல நாள் இறுக்கம் முகத்தில் தளர்ந்திருந்தது.

"நடந்தது என்னன்னு இப்ப தெளிவா தெரியுது. யாரோ இடையில பொருளை மாத்தியிருக்காங்க. பதிவேட்டுக்கு ஒத்துவராத ஒண்ணு நம்ம கிடங்குல இருந்திருக்கு. அசல் இப்ப திரும்பி வந்திருக்கு. கொண்டுவந்து சேர்த்தவருக்குத் துறை சார்பா நன்றி."

பல்செட்காரர் பதறிப்போய் எழுந்தார். "சார், இதை நான் செஞ்சேன். போன வாரம். என் பட்டறையில, அக்ரிலிக்ல."

"உங்க தன்னடக்கத்தை மதிக்கிறேன்."

"இல்லைங்க சார், இந்தப் பொத்தான் எல்லாம் பல்லு—"

டீச்சர் அவர் காலை மிதித்தார். மிதித்த காலை எடுக்கவும் இல்லை.

காப்பாட்சியர் தொடர்ந்தார். "பதிவேடு தப்பா இருக்க வாய்ப்பில்லை. அப்படின்னா பொருள்தான் தப்பா இருக்கணும். பொருளுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், அது மாறும், தேயும், திறக்கும், மூடும். பதிவேடு மாறாது. நாங்க பாதுகாக்கிறது அதைத்தான்." சொன்ன பிறகு, தன் வாயிலிருந்து இவ்வளவு உண்மை வந்ததை அவரே ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு துணை எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார்.

துணை எழுத்தர் உண்மையான கால்குலேட்டரின் முதுகில் பெரிய சிவப்பு முத்திரை குத்தினார்: 'போலி'. இனி இதை அசல் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்று எச்சரித்து மூவரிடமும் ஒப்படைத்தார். மச்சினனுக்கு வேலை போகவில்லை. பித்தளைத் தகட்டிலிருந்து வெள்ளைத் தாளைப் பிய்த்தார்கள். பிய்க்கும்போது, பொறித்த பேரில் இரண்டு எழுத்துக்குப் பூசியிருந்த கறுப்பு மை தாளோடு சேர்ந்து வந்துவிட்டது. மிச்சம் இருந்ததைப் படித்தால் வேறு யாரோ மாதிரி இருந்தது. பல்செட்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் விழாவுக்கு மூன்று பேருக்கும் கடைசி வரிசையில் இடம். வாசலில் பையைச் சோதித்த காவலர், டீச்சரின் கைப்பையில் கால்குலேட்டரைப் பார்த்துத் தடுத்தார். திருப்பி முத்திரையைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"போலியா? அப்ப போங்க. அசலை உள்ள கொண்டுபோகத்தான் அனுமதி இல்லை."

சிறப்பு விருந்தினர் பேசினார், அவரைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். பிறகு அவர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்த கருவியின் பொத்தானை அமுக்கிக் கூடத்தைத் திறந்துவைக்கப் போனார். பொத்தான் அமுங்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார். பல்செட்காரர் கட்டியது எதுவும் அவ்வளவு எளிதில் ஆடாது. அமுங்காமல் இருப்பதே இதன் சிறப்பு என்று ஒலிபெருக்கியில் யாரோ விளக்கினார்கள், கூட்டம் கைதட்டியது. கடைசி வரிசையில் பல்செட்காரர் எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினார். தன் வேலைக்கு ஊர் கூடிக் கைதட்டுவதை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

பேச்சுகள் இன்னும் மிச்சம் இருந்தன. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த காப்பாட்சியர், நன்றியுரைக்குத் தன் முறை வரும்வரை காலை ஆற்றிக்கொள்ளலாம் என்று கடைசி வரிசைக்கு வந்து டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டீச்சர் மடியில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். காப்பாட்சியர் முதலில் மேடையைப் பார்த்தார். பிறகு ஓரக்கண்ணால் மடியைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

"அந்தப் போலிதானே இது?"

"ஆமா சார்."

"இதுல என்ன பண்ணணும்?"

டீச்சர் சொல்லிக்கொடுத்தார். காப்பாட்சியர் கையுறையை எடுத்து மாட்டினார். பொத்தானை அமுக்கினார். விரலுக்குப் பொத்தான் சரியாகத் தட்டுப்படவில்லை என்று கையுறையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். தொப்பிக்காரர் ஏறினார், ஐந்தாம் மாடி என்றார். காப்பாட்சியர் அவரை எட்டுக்குக் கொண்டுபோனார். 'நீயெல்லாம்' என்று திரையில் வந்தது. இவ்வளவு வருஷ உத்தியோகத்தில் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. முகம் சிவந்து, முதுகை நிமிர்த்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். லிப்ட்காரர் எழுந்து வந்து அவருக்குப் பின்னால் நின்று, கதவை எப்போது மூட வேண்டும் என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார்.

மேடையில் நன்றியுரைக்குக் காப்பாட்சியரை அழைத்தார்கள். இரண்டாவது முறையும் அழைத்தார்கள். சிறப்பு விருந்தினர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். மச்சினன் நடைபாதையில் ஓடி வந்து, சார், எல்லாரும் காத்திருக்காங்க என்று காதருகே சொன்னான். காப்பாட்சியர் தலையைத் தூக்கவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்திக் கூடத்தையே அமர்த்தினார்.

"கொஞ்சம் இருக்கச் சொல்லுப்பா," என்றார். "ஏழாம் மாடில ஒருத்தர் இறங்கணும்."